1958: ஒரே வருஷத்தில் எத்தனை ராஜாக்கள்!

போன மாதம் செமஸ்டர் முடிந்து வீட்டில் சும்மா இருந்தபோது, பரணில் கிடந்த தகரப் பெட்டியைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள். அதில் கிடைத்தது தாத்தாவின் பழைய கணக்கு நோட்டு. தாத்தாவுக்கு இப்போது 84 வயது. பதினேழு வயதில் திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதப் போனவர். (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். வெளியூர் நண்பர்கள் சிரிக்க வேண்டாம்.) மண்டிக் கணக்கு எழுதிய கை சும்மா இருக்குமா? தன் சொந்தச் செலவையும் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார்.

பி.காம். படிப்பவனுக்கு இது புதையல். வரவு இடது பக்கம், செலவு வலது பக்கம், மாதக் கடைசியில் கையிருப்பு. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இவ்வளவு சுத்தமாக டேலி ஆகாது. ஆனால் செலவுப் பக்கத்தில் அடிக்கடி ஒரு மர்மப் பதிவு: "சி. உ.பு.", "சி. வ.வா.", "சி. நா.ம. 4 அணா". சில இடத்தில் அணாவை அடித்துவிட்டு 25 ந.பை. என்று திருத்தம் வேறு.

திருத்தத்துக்குக் காரணம் எனக்கே தெரிந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா. பழைய அணாவும் சில வருஷம் கூடவே புழங்கியது. ஒரு அணாவுக்கு ஆறே கால் நயா பைசா என்பதால் ஒற்றை அணாவை மாற்றினால் கணக்கு இடிக்கும், நாலு அணா என்றால் சரியாக 25 வந்துவிடும். தாத்தாவின் சினிமாச் செலவில் மட்டும் கால் பைசா தகராறு வராததற்கு அதுதான் காரணம். ஆமாம், "சி." என்றால் சினிமா. "நைனா கேட்டா சில்லறைச் செலவுன்னு சொல்லுவேன்" என்றார் தாத்தா. "நா.ம."வை அவருடைய நைனா, நாமம் ஏதோ வாங்கியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாராம். அண்ணாமலையார் ஊரில் இவன் எதற்கு நாமம் வாங்குகிறான் என்று அவர் யோசிக்கவில்லை போல. நாடோடி மன்னன் தப்பித்தது.

அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் உறைத்தது. தாத்தா அவற்றை 1958லிருந்து 1960 வரை விட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். (சென்னையிலும் மதுரையிலும் ஓடித் தேய்ந்த பிரிண்ட்தானே டூரிங் டாக்கீஸுக்கு வரும்.) ஆனால் அவர் உயிராக நினைக்கிற படங்கள் எல்லாமே ஒரே வருஷத்து வெளியீடு. 1958. ஒரு மாதமாக அவற்றைத் தேடித் தேடிப் பார்த்தேன். சிலவற்றுக்கு யூட்யூபில் கிடைத்த பிரிண்ட் மழை பெய்கிற மாதிரி இருந்தது. பரவாயில்லை.

முதலில் அந்த வருஷம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். ஜனவரி 14, பொங்கலுக்கு "தை பிறந்தால் வழி பிறக்கும்". ஏ.கே. வேலன் எடுத்தது. எஸ்.எஸ். ராஜேந்திரன், பிரேம் நசீர், ராஜசுலோசனா, எம்.என். ராஜம். கிராமம், விவசாயி, கடன், மிராசு. பெரிய செட் இல்லை, பெரிய செலவு இல்லை. கே.வி. மகாதேவன் பாட்டுகளோடு சேர்ந்து படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த லாபத்தில்தான் வேலன் சென்னையில் அருணாசலம் ஸ்டூடியோவை உண்டாக்கினார் என்பார்கள். எங்கள் ஊர்ச் சாமி பெயரில் ஒரு ஸ்டூடியோ! இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஏதோ அவருக்கே பங்கு வந்த மாதிரி.

ஆனால் இந்த வருஷத்தின் பெரிய வெற்றிகளில் இது ஒரு விதிவிலக்கு. மற்றபடி எங்கே திரும்பினாலும் ராஜா. பிப்ரவரி 7ல் "உத்தம புத்திரன்". ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒரே நாளில் ஜெமினியின் "வஞ்சிக்கோட்டை வாலிபன்", எம்.ஏ. வேணுவின் "சம்பூர்ண ராமாயணம்". ஆகஸ்ட் 22ல் "நாடோடி மன்னன்". கிரீடம், வாள், அரண்மனை, பாதாளச் சிறை.

எனக்கு இது விசித்திரமாகப் பட்டது. ஏனென்றால் நிஜத்தில் ராஜாக்கள் எல்லாம் கடை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. 1948ல் புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. அதே வருஷம் ஜமீன் ஒழிப்புச் சட்டம். 1950ல் குடியரசு. 1952, 1957 என்று இரண்டு பொதுத் தேர்தல் முடிந்தாயிற்று. மன்னர் மானியம் மட்டும் 1971 வரை ஓடியது. அப்படி ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஜனங்கள், ராத்திரி டென்ட் கொட்டகை மணலில் உட்கார்ந்து ராஜா கதைக்கு ஏன் விசில் அடித்தார்கள்?

இன்னொரு வேடிக்கை. இந்த ராஜாக்கள் நம்மூர் ராஜாக்களே இல்லை. ராமாயணத்தை விட்டுவிடுங்கள். உத்தம புத்திரனின் மூலம் பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதை. வஞ்சிக்கோட்டை வாலிபனில் அதே டூமாவின் மாண்டி கிறிஸ்டோ சாயல். நாடோடி மன்னனில் ஆண்டனி ஹோப் 1894ல் எழுதிய "பிரிசனர் ஆஃப் ஜெண்டா". ஆக பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நாவல் மூன்று, ஒரே வருஷத்தில் தமிழ் பேசியிருக்கிறது. டூமாவுக்கு ராயல்டி கொடுக்க வேண்டியிருந்தால் நம் தயாரிப்பாளர்கள் பாடு திண்டாட்டம்தான் :-)

வஞ்சிக்கோட்டை வாலிபனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எஸ்.எஸ். வாசன் காசை எண்ணாமல் கொட்டியிருக்கிறார், அது திரையில் தெரிகிறது. இந்தியிலும் அதே வருஷம் "ராஜ் திலக்" என்று எடுத்தார். கதையைச் சொல்லச் சொன்னால் படம் பார்த்தவர்களே திணறுவார்கள். ஆனால் வைஜெயந்திமாலா - பத்மினி நடனப் போட்டி? அறுபது வருஷம் தாண்டியும் யாரும் மறக்கவில்லை. பி. லீலாவும் ஜிக்கியும் பாட, ஹீராலால் அமைத்த நடனம். நடுவில் வீரப்பா சபாஷ் போடுகிற அந்த மூன்று வார்த்தை இன்றைக்கு எங்கள் காலேஜ் கேன்டீனில் இரண்டு பேர் சண்டை போட்டால்கூட வருகிறது. சொல்கிறவனுக்கு அது எந்தப் படம் என்று தெரியாது. பாவம் ஜெமினி கணேசன், அவர்தான் ஹீரோ, ஆனால் அந்தக் காட்சியில் அவர் ஒரு பார்வையாளர்.

சம்பூர்ண ராமாயணத்தில் என்.டி. ராமராவ் ராமர், பத்மினி சீதை, சிவாஜி பரதன். பரதனாக சிவாஜி வருவது கொஞ்ச நேரம்தான், ஆனால் ராஜாஜி அந்த நடிப்பை மனம் விட்டுப் பாராட்டினார். சினிமா என்றாலே முகம் சுளிக்கிறவர் ராஜாஜி என்பதை நினைவில் வையுங்கள். எனக்கு அதைவிட ஆச்சரியம் ராவணன். டி.கே. பகவதி நடித்து, சி.எஸ். ஜெயராமன் குரலில் பாடும் ராவணன் வில்லன் மாதிரியே இல்லை, சபையில் உட்கார்ந்து ராகம் ராகமாகப் பிரித்துச் சொல்கிற வித்வான். பெரியார் ராமர் படத்தை எரிக்கிற போராட்டம் நடத்தியது 1956ல். இரண்டு வருஷம் கழித்து வந்த பக்திப் படத்தில் ராவணனுக்கு இவ்வளவு மரியாதை. ஏ.பி. நாகராஜன் வசனம். ஊர்க் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது நம்ம மெயின் விஷயத்துக்கு வருவோம்.

1940ல் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் ஒரு "உத்தம புத்திரன்" எடுத்திருந்தார். பி.யு. சின்னப்பா இரட்டை வேடம். தமிழ் சினிமாவில் முதல் இரட்டை வேடம் அதுதான். இந்தப் படத்தை மறுபடி எடுக்க ஒரே நேரத்தில் இரண்டு தரப்பு ஆசைப்பட்டது. ஒரு பக்கம் வீனஸ் பிக்சர்ஸ், சிவாஜியை வைத்து. இன்னொரு பக்கம் எம்.ஜி.ஆர். இரண்டு பேருமே விளம்பரம் வரைக்கும் போய்விட்டார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன்தான் நடுவில் புகுந்து எம்.ஜி.ஆரை விட்டுக்கொடுக்கச் சொன்னார் என்று அந்தக் காலத்துச் சினிமாக்காரர்கள் சொல்வது வழக்கம். 1957 ஆகஸ்டில் கலைவாணர் இறந்துவிட்டார். அவர் செய்து வைத்த சமாதானத்தால் விளைந்த இரண்டு படங்களையும் அவர் பார்க்கவில்லை.

சிவாஜியின் உத்தம புத்திரனுக்கு கதை வசனம் ஸ்ரீதர், டைரக்ஷன் டி. பிரகாஷ் ராவ், காமிரா வின்சென்ட், இசை ஜி. ராமநாதன். நல்லவன் பார்த்திபன், கெட்டவன் விக்ரமன், இரண்டும் சிவாஜி. அவருக்கும் அதுதான் முதல் இரட்டை வேடம். என் கட்சி விக்ரமன்! ஒரு மாதிரி தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, குடியும் கூத்துமாக அந்த மனுஷன் செய்கிற அலட்டல் இருக்கிறதே... பார்த்திபன் வரும்போதெல்லாம் எப்போது விக்ரமன் வருவான் என்று காத்திருந்தேன். 2008ல் தனுஷ் படத்துக்குத் தலைப்பாகப் போன மோகினிப் பாட்டு விக்ரமனுடையதுதான். ராஜா காலத்து அரண்மனையில் திடீரென்று ராக் அண்ட் ரோல், ஹெலன் வந்து ஆடுகிறார். லாஜிக் கேட்கக் கூடாது. ஜூம் லென்ஸைத் தமிழில் முதலில் பயன்படுத்தியதும் இந்தப் படம்தான் என்கிறார்கள்.

எம்.ஜி.ஆர். பக்கம் வேறு கதை. முப்பதுகளின் கடைசியில் "மாயா மச்சீந்திரா" படப்பிடிப்புக்காக கல்கத்தா போயிருந்தபோது "இஃப் ஐ வேர் கிங்" என்ற ஆங்கிலப் படம் பார்த்தார். நான் ராஜாவானால் என்ன செய்வேன் என்ற அந்தத் தலைப்பு மனதில் தங்கிவிட்டது. அப்போது அவர் சின்னச் சின்ன வேஷம் கட்டுகிற நடிகர். இருபது வருஷம் கழித்து அதை ஜெண்டா கதையோடு சேர்த்தார். தானே தயாரிப்பாளர், தானே டைரக்டர் (முதல் தடவை), தானே இரட்டை வேடம்.

காமர்ஸ் படிக்கிறவன் கண்ணால் பார்த்தால் இந்த ப்ராஜெக்ட்டுக்கு எந்த பேங்கும் கடன் கொடுக்காது. புது டைரக்டர். செலவு ஏறிக்கொண்டே போய் 18 லட்சம் என்று சொல்லப்படுகிறது. நாலு அணா டிக்கெட் காலத்து 18 லட்சம்! சொத்தை அடகு வைத்தார். பாதிப் படத்தில் கதாநாயகி பானுமதிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை, பானுமதி விலகிவிட்டார். எடுத்தவரை எடுத்த ஃபிலிமைத் தூக்கிப் போட முடியுமா? அவர் பாத்திரத்தைக் கதையில் சாகடித்துவிட்டு, இரண்டாம் பாதிக்கு கன்னடத்திலிருந்து வந்த சரோஜாதேவி என்ற பெண்ணைக் கொண்டு வந்தார். அந்தப் பகுதியிலிருந்து படம் கேவாகலர். கருப்பு வெள்ளையிலேயே முடித்திருந்தால் எவ்வளவோ மிச்சம். நஷ்டம் வரும்போது செலவைக் குறைக்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், இவர் கூட்டினார். படம் மூன்றரை மணி நேரத்துக்கும் மேல். வெற்றி பெற்றால் நான் மன்னன், தோற்றால் நாடோடி என்கிற பொருளில் அவர் சொன்னது அப்போதே ஊரெல்லாம் பரவிவிட்டது.

ஓடியது. வசூல் ஒரு கோடியே பத்து லட்சம் என்று எழுதுகிறார்கள். அதை அப்படியே லாபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கேளிக்கை வரி, தியேட்டர் பங்கு, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் போய்த்தான் தயாரிப்பாளர் கைக்கு வரும். ஆனால் அடகு வைத்தவர் நாடோடி ஆகவில்லை என்பது நிச்சயம்.

சரி, ராஜா கேள்விக்கு வருகிறேன். மூன்று படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு விளங்கியது. உத்தம புத்திரனில் கெட்ட ராஜா போய் நல்ல ராஜா வருகிறான். வஞ்சிக்கோட்டையில் சதிகாரன் கையிலிருந்து நாட்டை மீட்கிறார்கள். இரண்டிலும் சிம்மாசனம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, உட்காருகிற ஆள்தான் வேறு. ஜெண்டா நாவலிலும் அப்படியே. ராஜாவைப் போலவே இருக்கும் ஒருவன் கொஞ்ச நாள் நடித்துவிட்டு, நிஜ ராஜாவிடம் நாட்டையும் காதலியையும் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகிறான்.

நாடோடி மன்னன் இங்கேதான் மூலக்கதையை உடைக்கிறது. வேஷம் போட வந்த வீராங்கன் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் சும்மா இருக்கவில்லை. ஏழைகளுக்காகச் சட்டம் மேல் சட்டமாக அறிவிக்கிறான். கடைசியில் மன்னராட்சியே மக்களாட்சியாக மாறுகிறது. அதாவது அது ராஜா கதை இல்லை, ராஜா வேஷம் போட்ட தேர்தல் அறிக்கை. வசனம் கண்ணதாசனும் ரவீந்தரும். தம்பியைத் தூங்காதே என்று எழுப்புகிற பாட்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துடையது. அடுத்த வருஷம் அக்டோபரில் 29 வயதில் அவர் போய்விட்டார். படம் ஆரம்பிக்கும்போது வரும் எம்ஜியார் பிக்சர்ஸ் சின்னத்தைப் பாருங்கள், ஓர் ஆணும் பெண்ணும் திமுக கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இன்றைய கதையைப் பேசும் படம் என்றால் சென்சார் கத்தரிப்பதற்கு நிறைய இருக்கும். பெயர் தெரியாத ஒரு தேசத்து ராஜாவை யார் கத்தரிப்பது?

இதில் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு உண்டு. திமுக முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957ல். சட்டமன்றத்தில் 15 இடம் கிடைத்தது. மக்களவையில் இரண்டே இரண்டு. ஒன்று நாமக்கல், ஈ.வெ.கி. சம்பத். இன்னொன்று திருவண்ணாமலை, இரா. தர்மலிங்கம்! அப்போது இது தனி மாவட்டம்கூட இல்லை, வட ஆற்காட்டில் ஒரு மூலை. (1989ல்தான் பிரிந்தது.) அந்த ஊர்ப் பையன்கள் மணலில் உட்கார்ந்து அந்தக் கொடியைத் திரையில் பார்த்தால் என்ன ஆகியிருக்கும்?

என்ன ஆனது என்று தாத்தா சொன்னார். கொட்டகையில் சத்தம் அடங்கப் பத்து நிமிஷம் ஆனதாம், ஆரம்ப வசனம் எதுவும் காதில் விழவில்லையாம். அவருடைய நைனா பழுத்த காங்கிரஸ்காரர், கதர்தான் கட்டுவார். நாம விஷயம் ரொம்ப நாள் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு வாத்தியார் பார்த்துவிட்டு வந்து சொல்லிவிட்டார். சினிமாவுக்குப் போனதற்குக்கூட இல்லை, "அந்தக் கொடிக்கு விசிலடிச்சியாமே" என்றுதான் அடி விழுந்ததாம். நாலு நாள் தாத்தா மண்டியிலேயே, மல்லாட்டை மூட்டை மேல் படுத்திருக்கிறார்.

அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, சிவாஜி ரசிகர். சிவாஜி 1956லேயே திமுகவை விட்டு விலகியவர். அதனால் சின்னத் தாத்தாவுக்கு வீட்டில் அடி இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் "யார் உத்தம புத்திரனை விட்டுக்கொடுத்தது, யார் பிடுங்கிக்கொண்டது" என்று சண்டை போட்டு, ஒரு பொங்கல் முழுக்கப் பேசாமல் இருந்தார்களாம். கேட்கச் சிரிப்பாக இருந்தது. ஆனால் சொல்லும்போது தாத்தா சிரிக்கவில்லை. சின்னத் தாத்தா மூன்று வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார்.

இந்த இரண்டு படத்தோடு முடிந்துவிடவில்லை 1958. அக்டோபர் 3ல் "சபாஷ் மீனா", பி.ஆர். பந்துலு எடுத்தது. ராஜா இல்லை, வாள் இல்லை, வெறும் ஆள்மாறாட்டக் கூத்து. சந்திரபாபு இரட்டை வேடத்தில் சிவாஜியையே ஓரம் கட்டுகிறார், சிவாஜியும் பெருந்தன்மையாக விட்டுக் கொடுக்கிறார். 1996ல் வந்த "உள்ளத்தை அள்ளித்தா" பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் எங்கிருந்து வந்தது என்று புரியும். கண்ணதாசன் சொந்தமாக எடுத்த "மாலையிட்ட மங்கை"யும் அதே வருஷம். டி.ஆர். மகாலிங்கம் குரலுக்கு மறு வாழ்வு கொடுத்த படம், மனோரமாவுக்கு முதல் படம். மனோரமா அதற்குப் பிறகு நடித்ததை எண்ண ஒரு தனி நோட்டு வேண்டும்.

போன வாரம் நாடோடி மன்னனைத் தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண் சரியாகத் தெரியாது, பெரும்பாலும் காதால்தான் பார்த்தார். பானுமதி வந்ததும் "கலர்ல எவ்ளோ அழகா இருப்பா" என்றார். பானுமதி வருகிற பகுதி முழுக்கக் கருப்பு வெள்ளை. நான் திருத்தவில்லை. அவர் நினைவில் அது கலராக இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன நஷ்டம்.

படம் முடிந்ததும் நோட்டை எடுத்து வந்து எனக்கிருந்த ஒரே ஒரு சந்தேகத்தைக் கேட்டேன். எல்லாப் படத்துக்கும் நாலு அணாதான் எழுதியிருக்கிறார். ஒரே ஒரு பதிவு மட்டும் இடித்தது. "சி. உ.பு. 8 அணா." அது எப்படி, ஒரு ஆளுக்கு எட்டு அணா? பெஞ்சு டிக்கெட்டா?

"இல்லடா, அதுவும் தரை டிக்கெட்தான்" என்றார். "அன்னிக்கு உங்க சின்னத் தாத்தன் கையில காசு இல்ல. கொட்டகை வாசல்லயே நின்னுகினு இருந்தான். நாங்க அப்ப பேச்சு வார்த்தை இல்ல. டிக்கெட்ட கிழிக்கறவன்கிட்ட குடுத்துட்டு, பின்னால வர்றவன உள்ள விடுய்யான்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

மாதக் கடைசிக் கையிருப்பில் அந்த எட்டு அணாவும் சரியாகக் கழிந்திருக்கிறது. கூட்டிப் பார்த்துவிட்டேன்.